குராமொச்சி வீட்டு மச்சில் நடந்தவர்கள்

குராமொச்சி வீட்டைவிட்டு யார் போகப்போகிறார்களோ, அவர்களுடைய ஈரக் காலடி முதலில் தலைக்கு மேலே மச்சுப் பலகையில் விழும். பெரிய தூணின் உச்சியில் தொடங்கி, ராத்திரிக்கு ஒரு பலகையாகக் கடந்து, வாசல் உத்தரத்தை அடையும். அடைந்த அன்று அந்த ஆள் வீட்டில் இருக்கமாட்டார். எங்கள் ஊர் இசோத்தானியில் கணவாய் மீன் விலை ஏறி இறங்குவதைச் சொல்வது போலத்தான் இதையும் சொல்வோம். விரல்கள் ஐந்தும் தெளிவாகத் தெரியும். குதிகால் பக்கம் கொஞ்சம் கூடுதலாக ஈரம் இருக்கும். தொட்டு நக்கிப் பார்த்தவர்கள், கடல் தண்ணீர் இல்லை, கிணற்றுத் தண்ணீர்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். அதையும் நக்கிப் பார்க்க ஆள் இருக்கிற ஊர் எங்களுடையது. அந்த வீட்டுக்கு நேர் எதிரே எங்கள் டோஃபு கடை. என் மாமியார் காலத்திலிருந்து அந்த வாசலைப் பார்த்துக்கொண்டேதான் சோயா அரைத்திருக்கிறோம், அதனால் இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. இல்லை என்பவர்கள் ஒரு ராத்திரி அங்கே படுத்துவிட்டு வந்து பேசட்டும்.

வீட்டைக் கட்டியவர் குராமொச்சி தென்சயெமோன். வடகடலுக்குக் கப்பல் விட்டு, கடற்பாசியும் கருவாடும் கொண்டுவந்து பணம் சேர்த்தவர். ஆணியில்லாமல் மரத்தோடு மரம் பூட்டிக் கட்டவேண்டும் என்றார், அப்படியே கட்டினார்கள். நடுத்தூணுக்கு மலையிலிருந்து கெயாகி மரம் ஒன்று வந்தது, இரண்டு பேர் சேர்ந்தால்தான் கட்டிப்பிடிக்கலாம். மரம் காட்டில் எப்படி நின்றதோ அப்படித்தான் தூணும் நிற்கவேண்டும், வேர்ப்பக்கம் கீழே, நுனிப்பக்கம் மேலே. எங்கள் பக்கத்துத் தச்சர்கள் பால்குடி மறக்கும் முன் கற்றுக்கொள்கிற பாடம் இது. அந்த மரமோ இரண்டு முனையும் ஒரே பருமன். முற்றத்தில் ஒரு மழைக்காலம் கிடந்ததில் மையால் போட்ட அடையாளமும் போய்விட்டது. தலைமைத் தச்சர் யசோகிச்சி கண்ணை நம்பி நிறுத்திவிட்டார். முகட்டு உத்தரம் ஏற்றுகிற நாளில் பூசாரி தொப்பியும் கையுமாக வந்து நின்றார், ஊரே கீழே திரண்டிருந்தது, மேலிருந்து வீசப்போகிற அரிசி உருண்டைகளுக்காகப் பெண்கள் முந்தானை போல மேலங்கியை விரித்துப் பிடித்திருந்தார்கள். கூரைமேல் ஏறிய யசோகிச்சி அப்போதுதான் தூணின் உச்சியருகே வெட்டப்பட்ட கிளையின் முடிச்சைப் பார்த்தார். கிளை மேல்நோக்கித்தானே முளைக்கும்? அந்த முடிச்சு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. தூண் தலைகீழாக நிற்கிறது என்று அந்த உயரத்திலிருந்து அத்தனை முகங்களுக்கும் எப்படிச் சொல்வது? அவர் அரிசி உருண்டையை வீச ஆரம்பித்தார். சாகும்போதுதான் மனைவியிடம் சொன்னார். "அன்னைக்கு வாயைத் திறந்திருந்தா என் மானம் மட்டும்தான் போயிருக்கும். இப்போ என்னென்ன போகப்போவுதோ." மனைவி அதை எங்கள் கடையில் வந்து சொன்னாள். எங்கள் கடையில் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

முதலில் விழுந்தது மூத்த மகன் தென்இச்சியின் கால். ஓடு ஒழுகுகிறது என்று வேலைக்காரி கீழே வாளியை வைத்தாள். ஒரு சொட்டும் விழவில்லை. காலடி வாசல் உத்தரத்தை எட்டிய காலையில் தென்இச்சி கப்பலேறினான். கப்பல் சாதோ தீவைத் தாண்டவில்லை. அடுத்து அவன் மனைவியின் கால் விழுந்தது. அவள் தாய்வீட்டுக்குப் போய், மறுபடி கல்யாணம் செய்துகொண்டு, ஐந்து பிள்ளை பெற்று, பல்லெல்லாம் விழுந்த பிறகும் முள்ளங்கி ஊறுகாய் தின்றுகொண்டிருந்தாள். அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. மூன்றாவதாக வந்தது பெரியவர் தென்சயெமோனின் கால், அவர் போன இடம் எல்லோரும் போகிற இடம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மிச்சமிருந்த குராமொச்சிகள் வந்த விலைக்கு வீட்டைத் தள்ளிவிட்டு ஊரைவிட்டுப் போனார்கள். அவர்கள் எல்லோருடைய காலும் மச்சில் வரிசையாக நடந்தது என்று சொல்லவேண்டியதில்லை.

அதற்குப் பிறகு அது சத்திரம். தோயாமாவிலிருந்து மருந்துப்பெட்டியைத் தோளில் கட்டிக்கொண்டு வருகிற வியாபாரிகள் தங்குவார்கள். ராத்திரி வந்து காலையில் போகிறவர்கள் என்பதால் மச்சில் தினமும் கூட்டம், சந்தை முடிந்த தெரு போல இருக்கும். ஒரு பலகைக்கு ஒரு ராத்திரி என்ற நிதானமெல்லாம் அவர்களுக்கு இல்லை. ஒரே ராத்திரியில் தூணிலிருந்து வாசல்வரை நடந்துவிடும். அவர்கள் அண்ணாந்து படுத்துக்கொண்டு, இது உன் கால், அது என் கால், உன் கட்டைவிரலைப் பார் வாத்து மாதிரி என்று சிரிப்பார்களாம். சத்திரத்துப் பணிப்பெண் மண்டியிட்டு அவர்கள் கழற்றிப்போட்ட வைக்கோல் செருப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, நுனி வாசலைப் பார்க்கத் திருப்பிவைப்பாள், கிளம்பும்போது சுலபமாகக் காலை நுழைத்துக்கொள்ளட்டும் என்று. எந்த வீட்டுக்கு யார் வந்தாலும் நாங்கள் செய்வதுதான். வந்தவர்களும் அடுத்த வருஷம் அதே மருந்தோடு, அதே கேலியோடு திரும்பி வந்தார்கள்.

சண்டை வந்தது. கப்பலேறுவதற்கு முன்னால் படைவீரர்களைத் தங்கவைக்க அந்த வீட்டை எடுத்துக்கொண்டார்கள். பையன்கள்தான் எல்லோரும், மீசை இன்னும் முளைக்காதவர்கள். கடைசி நாள் சாயங்காலம் ஊர்ப் பெண்கள் போய் அவர்களுக்குச் சிவப்புப் பயறு போட்ட சோறு பொங்கினார்கள். அப்புறம் அத்தனை பூட்ஸையும் துடைத்துப் பளபளப்பாக்கி, ஒன்றுபோல வாசலைப் பார்க்க அடுக்கினார்கள். என் அம்மாவும் அடுக்கினாள், நான் துணியை நனைத்துக் கொடுத்தேன். மறுநாள் காலையில் மச்சில் காய்ந்த பலகை ஒன்றுகூட இல்லை. அந்தப் பையன்கள் அண்ணாந்து பார்த்தார்கள், "போயிட்டு வரோம்" என்று சொல்லிவிட்டு வரிசையாக வெளியே போனார்கள். யாரும் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் அந்த மச்சைப் பற்றி யாரும் சிரித்துப் பேசியதில்லை.

சண்டை முடிந்ததும் ஊராட்சி அதைப் பாலர் பள்ளியாக்கியது. புண்ணியவான்களுக்கு மதியத்தூக்கம் என்ற ஒன்று ஞாபகமில்லை. குழந்தைகள் செருப்பைக் கழற்றி, டீச்சர் வரிசையாகத் திருப்பி வைத்து, சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்கள். எழுந்து பார்த்தால் மச்சு முழுக்கச் சின்னச் சின்னக் கால்கள் வாசலை நோக்கிப் போயிருந்தன. டீச்சர் அலறிய அலறலில் என் கையிலிருந்த டோஃபு நழுவித் தெருவில் விழுந்தது. குழந்தைகள் என்னவோ வழக்கம்போல சாயங்காலம் அவரவர் வீட்டுக்குப் போனார்கள், இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், ஒருவன் பல் டாக்டர். ஆனால் மறுநாள் ஒரு தாயும் பிள்ளையை அனுப்பவில்லை. பிறகு அங்கே மீன்வலை போட்டுவைத்தார்கள். வலைக்குக் கால் கிடையாது.

அப்படிக் கிடந்த வீட்டைத்தான் பாரம்பரியச் சொத்து என்று அறிவித்தார்கள். தலைநகரத்திலிருந்து கண்ணாடி போட்ட பேராசிரியர்கள் வந்து தூணைத் தட்டிப் பார்த்தார்கள், மச்சைப் படம் பிடித்தார்கள். ஆணியில்லாத கட்டுமானம், தலைகீழ்த் தூண், ஈரச்சுவடு எல்லாம் பதிவில் ஏறியது. ஊராட்சியின் பண்பாட்டுப் பிரிவு அதிகாரி இனோகுமா வாசல் பக்கத்தில் வெண்கலத் தகடு ஒன்றைப் பொருத்தினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் இருப்பது இருக்கிறபடியே இருக்கவேண்டும். ஒரு பலகையை மாற்றவும் அனுமதி வேண்டும், டெலிபோன் கம்பி இழுக்கவும் அனுமதி கிடையாது. பார்க்க வருகிறவர்களுக்குக் கதவு திறந்துவிட, பெருக்க, உள்ளேயே குடியிருக்க ஒரு குடும்பம் தேவைப்பட்டது. வாடகை இல்லை என்றும் சொல்லிப் பார்த்தார்கள். வந்தவர்கள் தமாயோவும் அவள் புருஷன் ஷோகிச்சியும் கைக்குழந்தை கொசுயேயும்தான். ஷோகிச்சியின் படகு பாறையில் மோதி உடைந்த வருஷம் அது, போக்கிடம் இருந்தவர்கள் வந்திருக்கமாட்டார்கள்.

இரண்டாம் வருஷம் ஷோகிச்சியின் கால் மச்சில் விழுந்தது. தமாயோ முக்காலியில் ஏறித் துடைக்கத் துடைக்க அவன் கீழே படுத்துக்கொண்டு, "அந்த மூலையில விட்டுட்ட பாரு" என்று கேலி செய்தான். எங்கள் ஆண்கள் எல்லோரும் போவது போல அவனும் பனிக்காலத்துக் கட்டட வேலைக்கு ஒசாகா போனான். வசந்தம்வரை பணம் வந்தது. பிறகு வரவில்லை. சக்காய் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரியோடு கொழுகொழுவென்று இருக்கிறான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். தமாயோ அவன் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றினாள். "உசுரோட இருக்கிறவனுக்கு ஏண்டி பத்தி?" என்று கேட்டேன். "மச்சுல நடந்தவங்க வரமாட்டாங்கக்கா. வராதவன் செத்தவன்தான்" என்றாள்.

கொசுயேவுக்கு ஐந்து வயது நடக்கும்போது, நான் அடுப்பை மூட்டிக்கொண்டிருந்த காலை நேரத்தில், தமாயோ தெருவைக் கடந்து வந்து கடை வாசலில் நின்றாள். பாத்திரம் கொண்டுவரவில்லை. "அக்கா, வந்து பாருங்க" என்றாள். எனக்குப் போகும்முன்பே புரிந்துவிட்டது. தூணின் உச்சியருகே இரண்டு கால், என் உள்ளங்கையளவு. சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. கீழே சோற்றுக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த குழந்தையின் காலிலும் அப்படித்தான். அது அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஐ, என் காலு! நான் எப்பம்மா அங்க ஏறினேன்?" என்று கேட்டது. தமாயோ என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

தமாயோ துடைத்தாள். உப்பைத் தூவினாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டில் வந்து படுத்தாள். மச்சில் கால் ஒரு பலகை முன்னே போனது. திரும்பிப் போய், மேலங்கிக் கச்சையால் குழந்தையின் மணிக்கட்டையும் தன் மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு படுத்தாள். இன்னொரு பலகை. எட்டாவதோ ஒன்பதாவதோ நாள் இனோகுமாவை வரவழைத்தாள். அவர் வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மச்சைப் பார்க்காமல் உட்கார முயன்றார்.

"சார், அந்தத் தூணை எடுத்து நேரா நட்டுடுங்க. ஜாக்கி போட்டுத் தூக்கினா ஒரு நாள் வேலைன்னு தச்சரு சொல்றாரு."

"அம்மா, தூண் தலைகீழா நிக்கிறதுதான் இந்த வீட்டோட விசேஷமே. பதிவுல அதைத்தான் முதல் வரியா போட்டிருக்கோம்."

"என் பொண்ணு எந்த வரியில சார் இருக்கா?"

இனோகுமாவுக்கு வேர்த்துவிட்டது. கெட்ட மனிதர் இல்லை, அவருக்கும் பெண் குழந்தை உண்டு. "துடைக்கவும் கூடாதும்மா" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். "ஈரமும் சேர்த்துத்தான் பதிவு. நீங்க துடைச்சதா யாராவது எழுதிப்போட்டா என் வேலை போயிடும்." எழுந்து வாசலுக்கு வந்தார். அதற்குள் தமாயோ, அத்தனை ஆத்திரத்திலும், மண்டியிட்டு அவருடைய ஷூவை வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள். அவர் காலை நுழைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

காலடி வாசல் உத்தரத்துக்கு முந்தின பலகைக்கு வந்த நாள் மழை. தமாயோ குழந்தையைப் புதுப் பாலர் பள்ளிக்கு அனுப்பவில்லை. பார்க்க வந்த வெளியூர்க்காரர்களுக்குக் கதவு திறந்து மூடிய நேரத்தில் குழந்தை சிவப்பு ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு நழுவிவிட்டது. கணவாய்ப் படகுகள் விளக்கை அணைத்துக்கொண்டு துறைக்குள் வருவதைப் பார்க்க அதற்கு எப்போதும் ஆசை. தமாயோ தெருவில் ஓடியதை நான் பார்த்தேன், காலில் ஒன்றும் இல்லை. அலைதடுப்புச் சுவரின் விளிம்பில் கொசுயே நின்றுகொண்டிருந்தது, அலை அதன் பூட்ஸை நனைத்துவிட்டுத் திரும்பியது. அவள் பின்னாலிருந்து கவ்வித் தூக்கிக்கொண்டு வந்தாள். வாசலில் பூட்ஸைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அன்று முழுக்கத் திறக்கவில்லை.

மறுநாள் காலை பயம் தாங்காமல் நானே ஒரு பாத்திரத்தில் டோஃபு எடுத்துக்கொண்டு போனேன். தமாயோ குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள், குழந்தை குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. மேலே பார்த்தேன். உத்தரத்துக்குப் போகவேண்டிய கால் போகவில்லை. அதே பலகையில், விரல்கள் தூணைப் பார்க்க, திரும்பி நின்றது. அந்த வீட்டு மச்சில் அப்படி ஒரு கால் அதுவரை விழுந்ததில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கை சும்மா இருக்குமா, வாசலில் கவிழ்ந்து கிடந்த சிவப்பு பூட்ஸ் கண்ணில் பட்டது, நுனி வீட்டைப் பார்த்திருந்தது. பழக்கதோஷத்தில் குனிந்து திருப்பப் போனேன்.

"தொடாதீங்க!" என்று தமாயோ கத்தினாள்.

நான் கையை இழுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் பூட்ஸைப் பார்த்தோம், மச்சைப் பார்த்தோம், மறுபடி பூட்ஸைப் பார்த்தோம். தமாயோவின் வாய் கோணிக்கொண்டது. "தினமும் நான்தாங்க்கா திருப்பி வெச்சேன்" என்றாள். "சாயங்காலமானா என் கையாலயே." ஷோகிச்சியின் வேலைச் செருப்பையும் அவள்தான் திருப்பி வைத்தாள். சத்திரத்தில் பணிப்பெண், பாலர் பள்ளியில் டீச்சர். தலைகீழாக நின்றுகொண்டு மேலும் கீழும் தெரியாமல் தவித்த அந்த வீட்டுக்கு, வாசலில் கிடந்த செருப்புதான் ஒரே சாட்சி. நுனி வெளியே பார்த்தால் போகிறார்கள் என்று அதற்கு அர்த்தம். எங்கள் மரியாதையை அது உத்தரவாக எடுத்துக்கொண்டது. எனக்கு அந்தப் பளபளத்த பூட்ஸ்கள் ஞாபகம் வந்தன, அம்மாவின் கை ஞாபகம் வந்தது, நான் நனைத்துக் கொடுத்த துணி ஞாபகம் வந்தது. டோஃபுவை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து கொசுயேயின் செருப்பு உள்ளே பார்த்தே இருந்தது. காலடி வந்த வழியே திரும்பி நடந்து தூணை அடைந்தது, அதன்பிறகு தூணைச் சுற்ற ஆரம்பித்தது. வருஷத்துக்கு வருஷம் கால் பெரிதானது. மச்சை அண்ணாந்து பார்த்து அளவு தெரிந்துகொண்டு தமாயோ செருப்பு வாங்குவாள், ஒருமுறைகூடக் கடித்ததில்லை. இனோகுமா நாடாவால் அளந்து, பதிவில் சேர்த்துக்கொண்டார். கொசுயே பள்ளிக்கூடம் போனாள், வந்தாள். ஆனால் ராத்திரி வெளியே தங்க முடியாது. ஆறாம் வகுப்பில் கியோத்தோ சுற்றுலா போனபோது, பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு போனவள், தங்குமிடத்தில் தலை எண்ணும்போது இல்லை. டீச்சர் அழுதுகொண்டு எங்கள் கடைக்குப் போன் செய்தார். நான் போய்ச் சொன்னபோது, கொசுயே தூணடியில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள், கையில் பாதி உரித்த ஆரஞ்சு. தமாயோ, "இங்கதான் இருக்கா, பையை மட்டும் நாளைக்கு அனுப்பிடச் சொல்லுங்க" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் நிம்மதிதான் இருந்தது. எனக்குத்தான் சில்லிட்டது.

பெண் வளர்ந்தாள். தன் செருப்பைத் தானே திருப்பிவைத்துப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. கிளம்புகிறவர் தாமே திருப்பிக்கொள்வதை எங்கள் ஊரிலும் யாரும் மரியாதை என்று சொல்வதில்லை. வழியனுப்புகிறவர் கைதான் கணக்கு. என்னிடம் வந்து, "அத்தை, நீங்க வந்து திருப்புங்க" என்றாள். "உங்க வீட்டுச் செருப்பு, உங்கம்மா பாடு" என்றேன். எனக்கும் பயம்தான், அதை ஏன் மறைக்கவேண்டும். பதினெட்டு வயதில் கனசவாவில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. புதுக் கறுப்பு ஷூ ஒன்று வாங்கிக் கொண்டுவந்து வாசல் கல்லின்மேல் வைத்தாள். தமாயோ எதுவும் பேசாமல் அதை உள்பக்கம் பார்க்க வைத்தாள். அன்று நடந்த சண்டை தெருவுக்கே கேட்டது, எங்கள் கடைக்கு இன்னும் நன்றாகவே கேட்டது.

"செக்கு மாடு மாதிரி சுத்திட்டு இருக்கேன்மா! மேல பாரு, பலகையே தேய்ஞ்சு போச்சு!"

"சுத்து. உசுரோட சுத்துற இல்ல? அது போதும் எனக்கு."

"சத்திரத்துல தங்கின மருந்துக்காரங்க அத்தனை பேரும் மச்சுலதான் நடந்தாங்க. செத்தா போனாங்க? அடுத்த வருஷம் மருந்தோட வரல? பாலர் பள்ளிப் பசங்க? அந்தப் பல் டாக்டரு? அவ்வளவு ஏன், அப்பா செத்தா போனாரு? சக்காய்ல தின்னு தின்னு குண்டாயிட்டாருன்னு டோஃபு அத்தை சொல்றாங்க!"

"படைக்காரப் பசங்க வரலையேடீ."

"அது வீட்டோட தப்பா? சண்டையோட தப்பும்மா. இந்த வீட்டுக்கு, ஆளுங்க போறது மட்டும்தான் தெரியும். போனவங்க என்ன ஆவாங்கன்னு அதுக்கு என்ன தெரியும்?"

"எனக்கும் தெரியாதுடீ" என்றாள் தமாயோ. "அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

மறுநாள் மத்தியானம் தமாயோ கடைக்கு வந்தாள். பொரித்த டோஃபு இரண்டு வேண்டும் என்றாள், நான் கட்டிக்கொடுத்தும் போகாமல் நின்றாள். "அக்கா, உங்கம்மா அன்னைக்கு பூட்ஸைத் திருப்பி வெச்சாங்களே. அவங்களுக்கு ஏதாவது தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டாள். "எங்கம்மாவுக்கு என்னடி தெரியும்" என்றேன். "ஒண்ணும் தெரியாது. ஆனா திருப்பறப்ப அழுதுட்டேதான் இருந்தா. அழுதுட்டே எல்லாத்தையும் திருப்பி வெச்சா." தமாயோ தலையாட்டிவிட்டுத் தெருவைக் கடந்து போனாள்.

வெயில் நேரம், அவர்கள் வீட்டு வாசற்கதவு முழுக்கத் திறந்திருந்தது. தமாயோ வாசல் கல்லுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஒரு ஷூவை எடுத்தாள், மடியில் வைத்துக்கொண்டாள், மேலங்கியின் நுனியால் துடைத்தாள். தூசி ஒன்றும் இல்லை, புது ஷூ. கீழே வைத்தாள், உள்ளே பார்க்கவே வைத்தாள். மறுபடி எடுத்தாள். நான் கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து நிறுத்தலாம் என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. அவள் ஒன்றைத் திருப்பி வைத்தாள், பிறகு மற்றதையும் திருப்பி வைத்தாள். இரண்டின் குதிகாலையும் விரலால் சமமாக்கிவிட்டு, நெற்றி தரையில் படக் கவிழ்ந்து, எழுந்திருக்க வெகுநேரமாகியது.

மச்சில் கால் சுற்றுவதை நிறுத்தியது. தூணைவிட்டு விலகி, ராத்திரிக்கு ஒரு பலகை, எல்லோரும் போன அதே வழி. அந்த நாட்களில் தமாயோ சமைத்த மாதிரி யாரும் சமைத்து நான் பார்த்ததில்லை. கணவாயில் சோறு அடைத்து வேகவைத்தாள், இனிப்புப் பயறு கிண்டினாள், பெண் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து மச்சைப் பார்ப்பதில்லை என்று பிடிவாதமாக இருந்தாள். காலடி உத்தரத்தை அடைந்த காலையில் கொசுயே கறுப்பு ஷூவில் காலை நுழைத்தாள், பெட்டியைத் தூக்கினாள், "போயிட்டு வரேன்" என்றாள். எங்கள் ஊரில் வாசல் தாண்டும்போது எல்லோரும் சொல்கிற வார்த்தைதான், அந்தப் படைக்காரப் பையன்களும் சொன்ன வார்த்தைதான். "போயிட்டு வா" என்று தமாயோ சொன்னது உதட்டில் தெரிந்தது, காதில் விழவில்லை. ரயில் குகைக்குள் நுழைகிற ஓசை கேட்கும்வரை வாசலிலேயே நின்றாள்.

நான்கு நாள் ஒரு தகவலும் இல்லை. தமாயோ எங்கள் கடையில் போன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், வாடிக்கையாளர்களுக்குக் காலை மடக்கி வழிவிட்டாள். ஐந்தாம் நாள் மணி அடித்தது. அவள் எடுக்கவில்லை, எடுக்க முடியவில்லை; நான் எடுத்தேன். "அத்தை, அம்மாகிட்ட சொல்லுங்க, இங்க ஹாஸ்டல் சூப்புல உப்பே கிடையாது" என்றது குரல். நான் அதை அப்படியே சொன்னேன். தமாயோ, "உப்பில்லையாம்" என்று எனக்கே திருப்பிச் சொன்னாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்றே ஷோகிச்சியின் படத்துக்கு முன்னால் இருந்த பத்திக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். படத்தை எடுக்கவில்லை, சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

ஆகஸ்டில், முன்னோர்களுக்கு விளக்கு வைக்கிற நாட்களுக்கு முந்தின காலை, மச்சில் ஒரு கால் வாசல் உத்தரத்திலிருந்து உள்ளே வந்திருந்தது. சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறியிருந்தது. தமாயோ என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள், அரிசியை ஒரு படி கூடுதலாக ஊறவைத்தாள். சாயங்கால ரயிலில் கொசுயே வந்து இறங்கினாள், கன்னம் கொஞ்சம் வற்றியிருந்தது. உள்ளே வருகிற கால் பதிவில் இல்லையே, இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று இனோகுமா தலையைச் சொறிந்தார். கடைசியில் எழுதாமலே விட்டுவிட்டார், பார்க்க வருகிறவர்களும் கேட்டதில்லை.

இப்போது கொசுயே பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள், வருஷத்துக்கு இரண்டு முறை வருகிறாள். வந்ததும் செருப்பைப் பந்து மாதிரி உதைத்துவிட்டு உள்ளே ஓடுவாள். முதல் இரண்டு நாள் தமாயோ அதைத் தொடுவதில்லை, கிடந்தபடி கிடக்கட்டும் என்று பெருக்குமாற்றையும் சுற்றி ஓட்டுவாள். மூன்றாம் நாள் வாசலில் மண்டியிடுவாள். நான் எதிரே டோஃபு வெட்டிக்கொண்டே பார்ப்பேன். இத்தனை வருஷமாகியும் ஒருமுறை உள்ளே பார்க்க வைத்துவிட்டுத்தான் மறுபடி எடுத்து வெளியே பார்க்கத் திருப்புவாள். திருப்பி வைத்துவிட்டு எழுந்து, மறுநாள் காலையில் மச்சைப் பார்த்துவிட்டு, ரயிலுக்கு எத்தனை சோற்று உருண்டை பிடிப்பது என்று என்னைக் கேட்க வருவாள்.